முன்னறையில் காய்ந்த துணி

அத்தியாயம் 17

தொட்டில் விழாவில் சாப்பிடாமல் எழுந்து போன அஞ்சலை, நாலு நாளாகியும் ஒரு போன்கூடச் செய்யவில்லை. அதைச் சொர்ணலதா முதலில் தன் வெற்றியாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

நல்ல காரியம் ஆகாத ஆஷாட மாதம் பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாகப் போன ஞாயிற்றுக்கிழமை நடத்திய விழா அது. கேசரேயில் அவர்கள் குடியிருக்கும் சந்து முழுவதும் வந்திருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து சம்பந்தி அஞ்சலையும் மருமகன் கணேஷ்குமாரும் வந்திருந்தார்கள். குழந்தை சான்விக்கு அன்றைக்கு இரண்டு மாதம் நிறைந்திருந்தது. குளிப்பாட்டிச் சட்டை மாற்றும்போது கூட்டத்தில் ஒருத்தி, முதுகு ஏன் இப்படிச் சிவந்து கிடக்கிறது என்று கேட்டாள். எல்லார் கண்ணும் சொர்ணலதாவின் மேல் திரும்பின. மகள் சோனியா பிள்ளை பெற வந்தது தாய்வீட்டுக்கு. பதில் சொல்ல வேண்டியவள் தாய்.

சொர்ணலதாவுக்கு ஒரு பதில் கையருகிலேயே இருந்தது. குழந்தை பிறந்த அன்று அஞ்சலை தன் பழைய நூல் சேலைகளைக் கிழித்து, கையாலேயே தைத்துப் பன்னிரண்டு சட்டைகள் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். பிறந்த குழந்தைக்குப் பழந்துணிதான் முதலில் போட வேண்டும் என்பதால் அதைத்தான் மாற்றி மாற்றிப் போட்டுவந்தார்கள். புருஷன் போனபிறகு அஞ்சலை இஸ்திரி வண்டி வைத்துத்தான் மகனை ஆளாக்கினாள்.

"ஊரான் வேர்வைத் துணியெல்லாம் தொட்ட கையில தெச்சதுங்க. வேற எப்படி இருக்கும்?" என்று சொர்ணலதா சந்தே கேட்கச் சொன்னாள். சொன்னதோடு விடவில்லை. கொடியில் கிடந்த சட்டைகளை உருவி எடுத்துச் சம்பந்தியின் காலடியில் போட்டாள்.

அஞ்சலை எழுந்தாள். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மடித்து, பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். கணேஷ்குமார் மாமியாரை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தாயின் பின்னால் போனான்.

அந்தச் சட்டைகள் வீட்டைவிட்டுப் போய் நாலு நாளாகிவிட்டது. சிவப்பு போகவில்லை. முதுகிலிருந்து வயிற்றுக்கும் தொடைக்கும் பரவி, அங்கங்கே நீர் கசியத் தொடங்கியிருந்தது. புதன்கிழமை குழந்தை பால் குடிப்பதும் பாதியில் விட்டு அழுவதுமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை, சொர்ணலதாவின் கணவன் ரத்தினவேல் நஞ்சன்கூடு ரயிலைப் பிடித்து ஃபேக்டரிக்குப் போனபிறகு, தாயும் மகளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆட்டோவில் போகும்போதுகூடச் சொர்ணலதா, சம்பந்தி வீட்டு வினை இன்னும் விடமாட்டேன் என்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தாள். சோனியா வெளியே பார்த்தபடி இருந்தாள்.

தோல் பிரிவில் அவர்களைப் பார்த்த டாக்டர் மேதாவுக்கு முப்பது வயதிருக்கும். ரயில்வே வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பத்துப் பெண். தமிழ் பேசினார். ஆனால் பாதி வார்த்தை கன்னடத்தில் வந்தது.

"பட்டெ எல்லாம் கழட்டுங்கம்மா, ஒண்ணு விடாம."

சோனியா குழந்தையின் துணிகளைக் கழற்றினாள். டாக்டர் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கழுத்துக்கு மேலே ஒரு புள்ளி இல்லை. மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. பாதத்தில் இல்லை. சட்டை தொடங்கிய இடத்தில் சிவப்பும் தொடங்கி, சட்டை முடிந்த இடத்தில் முடிந்திருந்தது. கழுத்துப் பட்டை இருந்த இடம் கோடு கிழித்த மாதிரி தெரிந்தது.

டாக்டர் அதை விரலால் தொடர்ந்து காட்டியதும் சொர்ணலதாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. தான் சொன்னது சரியாகப் போயிற்று. துணிதான் காரணம். சம்பந்தி கொடுத்த பழந்துணியின் கதையை முதலிலிருந்து சொன்னாள். இஸ்திரி வண்டியையும் விடவில்லை.

டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். அந்தச் சட்டைகளை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றாள் சொர்ணலதா.

"நிறுத்தினப்புறம் குறையணும் அல்லவா? ஜாஸ்தி ஆயிருக்கே."

 டாக்டர் இப்போது கழற்றிய சட்டையைப் பற்றிக் கேட்டார். கடையில் வாங்கிய புதுச்சட்டை, ஒரு தடவை அலசிப் போட்டது. எங்கே உலர்த்தினீர்கள் என்று கேட்டார். மழைக்காலமாயிற்றே, வீட்டுக்குள்தான் என்றாள். டாக்டர் சட்டையை எடுத்து மூக்கருகில் வைத்துப் பார்த்தார்.

"வாசனை வருதே?"

"சாமி கும்பிடற வீடுங்க. வத்தி கொளுத்துவோம்."

சொன்னபோதே அது முழு உண்மை இல்லை என்று சொர்ணலதாவுக்குத் தெரியும். ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. அந்தச் சட்டை டாக்டரின் மூக்கருகில் போன கணத்தில் அந்த வாசம் அவளுக்கும் எட்டியது. அதை மறைத்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

டாக்டர் தலையாட்டிவிட்டுச் சீட்டில் எழுதத் தொடங்கினார். களிம்பு, குளிப்பாட்ட ஒரு சோப்பு. இன்னும் இரண்டு வரியில் முடிந்திருக்கும்.

"டாக்டர்" என்றாள் சோனியா. அவள் தாயைப் பார்க்கவில்லை. "எங்கம்மா வீட்டுலயே ஊதுவத்திக்கு சென்ட் ஏத்தறாங்க. முன்ரூம்ல. துணியும் அங்கதான் காயும்."

பேனா நின்றது.

அதன்பிறகு டாக்டர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் சோனியாதான் பதில் சொன்னாள். கம்பெனியிலிருந்து வாசனை ஏற்றாத கருப்பு வத்திகள் கட்டுக் கட்டாக வரும். கேன்களில் சென்ட்டும், அதில் கலக்கும் எண்ணெயும் வரும். இரண்டையும் தகரத் தொட்டியில் கலந்து, வத்திகளை முக்கி எடுத்து, வடியவிட்டு, மரச்சட்டங்களில் ஒரு நாள் உலர்த்த வேண்டும். வீட்டில் இருப்பது இரண்டு அறை. முன்னறையில் சட்டங்கள் வரிசையாக நிற்கும். சட்டங்களுக்கு மேலே துணிக்கொடி. சென்ட் பறந்துவிடக் கூடாது என்று ஜன்னலை மூடி வைப்பார்கள்.

சொர்ணலதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொன்ன வாயோடு அந்த அறையில் உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இருந்தது. எழுந்து வெளியே போகவும் முடியவில்லை.

டாக்டர் மேதா திட்டவில்லை. மெதுவாக, வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னார். காற்றில் கலந்திருப்பது மூச்சில்தான் உள்ளே போகும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தோல் வழியாகவும் போகும். அந்த அறையில் மணிக்கணக்காகத் தொங்குகிற துணி காற்றில் இருப்பதையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு அதைக் குழந்தைக்குப் போட்டால் ராத்திரி பகலாக உடம்போடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் மூடாத முகம் சுத்தமாக இருக்கிறது, மூடிய முதுகு புண்ணாகியிருக்கிறது.

"சுத்தமான துணின்னா அது கவசம். அந்தக் காத்துல ஊறின துணின்னா அதையே தோல்ல பத்துப் போட்ட மாதிரி. நூத்துக்கு நூறுன்னு நான் சொல்லலை. ரெண்டு வாரம் அந்த ரூம்லயிருந்து, அந்தத் துணிலயிருந்து குழந்தையை ஒதுக்கிப் பாப்போம். ஆறிடுச்சுன்னா தெரிஞ்சிரும்."

பிறகு சொர்ணலதாவின் பக்கம் திரும்பி, வேலை செய்யும்போது நீங்கள் என்ன உடுத்துவீர்கள் என்று கேட்டார். சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வேன், கையில் எண்ணெய் படாமல் இருக்கும் என்றாள் சொர்ணலதா. எத்தனை நாளைக்கு ஒருமுறை துவைப்பீர்கள் என்று கேட்டார் டாக்டர்.

சொர்ணலதா ரவிக்கையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். நாளைக்கும் அதே எண்ணெய்தான் படப்போகிறது என்று அதை அவள் துவைப்பதே இல்லை. மாதம் ஒருமுறை துவைத்தால் உண்டு.

"கை காட்டுங்க."

முழங்கைக்குக் கீழே வரை நீண்ட ரவிக்கைதான் அவள் எப்போதும் போடுவாள். குளிர் தாங்காது என்று சந்தில் சொல்லிவைத்திருந்தாள். இப்போது அதை மேலே ஏற்ற வேண்டியிருந்தது. தோல் கறுத்துத் தடித்து, யானைத்தோல்போல வரிவரியாக இருந்தது. சொறிந்து ஆறி, மறுபடி சொறிந்து ஆறிய தழும்புகள். மகள் முன்னால் அதை அவள் காட்டியதே இல்லை. சோனியா பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குழந்தைக்கு மறுபடி அந்தச் சட்டையைப் போட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நர்ஸ் ஒரு வெள்ளைத் துணி கொண்டுவந்து கொடுத்தாள். சோனியா தன் சேலைக்கு மேலே இன்னொரு ஆஸ்பத்திரித் துணியைப் போர்த்திக்கொண்டு குழந்தையை வாங்கினாள். பழக்கத்தில் சொர்ணலதாவும் கையை நீட்டினாள்.

"நீங்க வேண்டாம்மா" என்றார் டாக்டர் மேதா. "இந்தப் புடவையோட இப்ப எடுக்காதீங்க. குளிச்சு மாத்தினப்புறம் எடுத்துக்கலாம்."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டு சொர்ணலதா வெளியே வந்தாள். வெளியே பெஞ்சில் காத்திருந்த முப்பது பேரும் தன்னையே முகர்ந்து பார்ப்பதுபோல அவளுக்கு இருந்தது.

மருந்து வாங்குமிடத்தில் வரிசை நீளமாக இருந்தது. ஓரமாக ஒரு தூணருகே நின்றார்கள். இது உனக்கு எப்போது தெரியும் என்று சொர்ணலதா மகளிடம் கேட்டாள்.

போன மாதமே சந்தேகம் வந்துவிட்டது என்றாள் சோனியா. தடுப்பூசி போட்டபோது அவளும் குழந்தையும் மூன்று நாள் அக்ரஹாரத்தில் பெரியம்மா வீட்டில் தங்கினார்கள். அப்போது அதே சட்டைகள்தான். பெரியம்மா துவைத்து மாடியில் வெயிலில் போட்டாள். மூன்று நாளில் முதுகு வெளுத்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பியதும் மறுபடி வந்தது.

"அப்ப ஞாயித்துக்கிழமை நீ வாயே தொறக்கலியே. நான் அந்தம்மாவை அத்தனை பேரு முன்னால பேசும்போது நீ எனக்குப் பக்கத்துலதானே நின்னே?"

சோனியா துணியை இழுத்துக் குழந்தையின் தலையை மூடினாள்.

"ஒம்பதாவது படிக்கையில ஒரு நாள் ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு படுத்துக்கிட்டேனே, ஞாபகம் இருக்குதாம்மா? எம் பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கறாங்க, யூனிஃபார்ம் நாறுதுங்கறாங்கன்னு சொன்னேன். நீ அந்த யூனிஃபார்ம மடியில வெச்சுக்கிட்டு அழுதே. அன்னைக்கே இனிமே அந்த வாசத்தப் பத்திப் பேசவே கூடாதுன்னு நெனச்சுட்டேன். ஞாயித்துக்கிழமையும் அதான். நீ அழறதுக்கு, எங்க அத்தை பேச்சு வாங்கறது பரவாயில்லைன்னு நின்னுட்டேன்."

சொல்லி முடித்துவிட்டுச் சோனியா குழந்தையைக் குனிந்து பார்த்தாள். தன் மகளின் முதுகு வெந்துபோவதைவிடத் தாயின் மனசு நோகாமல் இருப்பதைப் பெரிதாக எண்ணியிருக்கிறோம் என்று, வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது போலிருந்தது.

சொர்ணலதாவுக்கு மகளைத் திட்டவும் வாய் வரவில்லை. தேற்றவும் கை வரவில்லை. தொட்டுத் தேற்றக் கூடாத சேலையில் நின்றிருந்தாள்.

மருந்தை வாங்கியதும், வீட்டுக்குப் போக வேண்டாம், நேராக ஸ்ரீரங்கப்பட்டணம் போகலாம் என்றாள். ஆஷாடத்தில் பெண்ணை மாமியார் வீட்டுக்கு அனுப்பினால் ஊர் என்ன பேசும் என்று சோனியா தயங்கினாள். ஊர் பேச வேண்டியதை நானே பேச வைத்துவிட்டேன், இன்னும் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சொர்ணலதா முன்னால் நடந்தாள்.

மறுநாள் ஆஷாட வெள்ளி. மலைமேல் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் இப்போதே பஸ் ஸ்டாண்டில் சேர்ந்திருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட் கிடைத்தும் சொர்ணலதா மகளின் பக்கத்தில் உட்காரவில்லை. எதிர்ப்பக்கம், ஜன்னலோரம் உட்கார்ந்து ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டாள். தூறல் முகத்தில் அடித்தது. வழியில் குழந்தை விழித்துக்கொண்டு, இந்தப் பக்கம் பார்த்துப் பழகிய முகம் தெரிந்ததும் கையைக் காலை உதைத்தது. சொர்ணலதா தன் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அஞ்சலையின் வண்டி ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற சாலையில் ஒரு புளியமரத்தடியில் நின்றது. மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. அஞ்சலை கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் தள்ளிக்கொண்டிருந்தாள். சட்டைக்காகக் காத்திருந்த ஒரு லாரி டிரைவரும், சேலை கொடுக்க வந்த இரண்டு பெண்களும் பக்கத்தில் நின்றார்கள்.

சம்பந்தியும் மருமகளும் வருவதைப் பார்த்ததும் அஞ்சலை பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்தாள். முகத்தில் கோபமும் இல்லை, வரவேற்பும் இல்லை. "வாங்க" என்றாள். வெள்ளைத் துணியில் சுற்றியிருந்த பேத்தியைப் பார்த்ததும் ஓரடி முன்னால் வந்தாள். பிறகு நின்றுவிட்டாள்.

வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்று சோனியா மெல்லச் சொன்னாள். பின்பக்கச் சந்தில்தான் வீடு. சொர்ணலதா அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை தான் பேசியது வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அல்ல. இதை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு சொல்வது எப்படி?

"சம்பந்திங்க" என்றாள். குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. டிரைவர் திரும்பிப் பார்த்தார். "நான் உங்க கையத்தான் குத்தம் சொன்னனுங்க. உங்க துணியில ஒண்ணும் இல்லைங்க. என்ற வீட்டுக் காத்துலதான் இருந்துது. நான் போடற சென்ட்டு எல்லாத் துணியிலயும் ஏறிக் குழந்தைய அரிச்சிருக்குது. டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அவங்ககிட்டயும் நான் மொதல்ல பொய்தான் சொன்னனுங்க."

அதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தை அவர்கள் வீட்டுப் பேச்சில் என்றைக்கும் இருந்ததில்லை. கையைக் கூப்பினாள்.

அந்த இரண்டு பெண்களும் கொண்டுவந்த சேலைகளை வண்டியில் வைத்துவிட்டு நகர்ந்துபோனார்கள். அஞ்சலை டிரைவரின் சட்டையை மடித்துக் கொடுத்து அனுப்பினாள். கரியைச் சாம்பலால் மூடினாள். பெட்டியின் மூடியைப் போட்டாள். 

"எனக்குத் தெரியுமுங்க" என்றாள் பிறகு.

ஞாயிற்றுக்கிழமையே தெரியும். விழாவிலிருந்து வந்த சாயங்காலம், மனசு ஆறாமல், அந்தச் சட்டைகளை எடுத்து அவள் இஸ்திரி போட்டாள். சூடு பட்டதும் துணியிலிருந்து அந்த வாசம் எழும்பியது. மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. முப்பது வருடமாகத் துணியோடு இருப்பவள். எந்தத் துணி எந்த வீட்டில் தொங்கியது என்று சூடு வைத்தாலே அவளுக்குத் தெரியும். ஹோட்டல்காரர் சட்டை எண்ணெய் மணக்கும், பெயின்டர் சட்டை பெயின்ட் மணக்கும். பன்னிரண்டு சட்டையிலும் சம்பந்தி வீட்டு முன்னறை இருந்தது.

"தெரிஞ்சுமா நீங்க போன் பண்ணலை, அத்தை?" என்று சோனியா கேட்டாள்.

அஞ்சலை மருமகளைப் பார்க்கவில்லை. சொர்ணலதாவைப் பார்த்தாள்.

"மூணு தடவ போன எடுத்தேன். எடுத்து எடுத்து வெச்சேன். பொறுமைன்னு நெனச்சுக்காதீங்க. நீங்களே தெரிஞ்சுக்கிட்டு, இதே மாதிரி வந்து என்ற முன்னால நிக்கோணும்னு இருந்தேன். நாலு நாளு. அந்த நாலு நாளும் குழந்தை மேல புண்ணு இருந்துது. அதுவும் எனக்குத் தெரியும்."

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப நீங்க வந்து நிக்கறீங்க. எனக்கு ஒரு சந்தோசமும் இல்லீங்க."

சொர்ணலதா அதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவாள், அல்லது பெரிய மனசு பண்ணித் தூக்கி நிறுத்துவாள் என்று பஸ்ஸில் இரண்டுக்கும் தயாராகி வந்திருந்தாள். எதிரே நிற்பவளும் தன்னைப்போலவே தலை குனிந்து நிற்பாள் என்று நினைக்கவில்லை. குற்றத்தில் இன்னொருத்திக்குப் பங்கு இருக்கிறது என்றால் பாரம் குறைய வேண்டும். குறையவில்லை. மூன்று பெண்கள், மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது அல்லது தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொருத்தியும் தன்தன் காரணத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

சோனியா குழந்தையை மாமியாரிடம் நீட்டினாள். அஞ்சலை வாங்கவில்லை. காலையிலிருந்து கரிப்புகையில் நிற்கிறேன், என் சேலையிலும் அது இருக்கும், குளித்துவிட்டு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி வீட்டுக்கு நடந்தாள்; இரண்டு பேரும் பின்னால் போனார்கள்.

ஈரக்கூந்தலோடு, ட்ரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த வெளுத்த சேலையில் அஞ்சலை வந்து உட்கார்ந்து பேத்தியை மடியில் போட்டுக்கொண்டாள். முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் துணியை மெல்லத் தளர்த்தினாள். இரண்டு வாரமோ இரண்டு மாதமோ, ஆறும்வரை இங்கேயே இருக்கட்டும் என்றாள். கணேஷ்குமார் வேலை முடிந்து ஆறு மணிக்கு வருவான். அவனிடம் என்ன சொல்வது என்று சோனியா கேட்டதற்கு, நடந்ததை நடந்தபடி சொல்லலாம், என் பங்கை நானே சொல்கிறேன் என்றாள் அஞ்சலை.

கிளம்ப எழுந்த சொர்ணலதாவிடம், "சாப்பிட்டுப் போங்க" என்றாள் அஞ்சலை.

தன் வீட்டுப் பந்தியில் உட்காராமல் போனவளின் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதா? வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் அதுவும் ஒரு வீம்பாகத்தான் இருக்கும். ராகிக் களியும் அவரைப் பருப்புக் குழம்பும் வைத்தாள் அஞ்சலை.  சொர்ணலதா தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் பக்கத்தில் யாரும் இல்லை. டாக்டர் சொன்னதையெல்லாம் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். துணிகளை எல்லாம் மறுபடி துவைத்து வெளியே உலர்த்த வேண்டும். முழுக்கைச் சட்டையைத் தினமும் துவைக்க வேண்டும். சட்டங்களை வீட்டைவிட்டே வெளியேற்ற வேண்டும். எங்கே வெளியேற்றுவது? ரத்தினவேல் வந்ததும் கேட்க வேண்டும். கம்பெனி வண்டி நாளைக் காலையில் வரும், அவர்களிடமும் சொல்ல வேண்டும்.

கம்பெனி வண்டி என்றதும்தான் அவளுக்கு மற்ற வீடுகள் ஞாபகம் வந்தன.

அந்த வண்டி அவள் வீட்டு வாசலில் மட்டும் நிற்பதில்லை. சந்தில் இன்னும் எட்டு வீடுகளுக்குக் கேன் இறக்கும். எட்டு வீடுகளுக்கும் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் சொர்ணலதாதான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி, வெளியே போக வேண்டாம், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே செய்யலாம் என்று சொன்னாள். தொட்டியில் எப்படி முக்க வேண்டும், எத்தனை நேரம் வடியவிட வேண்டும் என்று கைபிடித்துக் காட்டினாள். ஜன்னலை மூடிவை என்று சொன்னதும் அவள்தான். அந்த எட்டில் ஆறு வீடுகளில் சின்னக் குழந்தைகள் இருந்தன.

சந்து திரும்பும்போது வெளிச்சம் இன்னும் இருந்தது. மழை விட்டிருந்தது. எதிர்வீட்டு நஞ்சம்மா, மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். சாம்ராஜ்நகர்ப் பக்கத்துக் கன்னடக்காரி. சொர்ணலதாவிடம் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவள்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க அக்கா? சோனியாவும் பாப்பாவும் எல்லி, காணோமே?"

சம்பந்தி வீட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்றாள் சொர்ணலதா. நஞ்சம்மாவின் முகத்தில் ஆச்சரியம் தெரிந்தது. இடுப்பிலிருந்த குழந்தை, கவுனுக்குள் கையைவிட்டு வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தது. நஞ்சம்மா பார்க்காமலே அந்தக் கையை எடுத்துவிட்டாள். ரொம்ப நாள் பழக்கம்போல இருந்தது அது. கை மறுபடி உள்ளே போனது.

களிம்பு கொடுத்தார்கள், சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடலாம். காலையில் டாக்டரிடம் சொன்ன பொய்யைப்போல இதுவும் சுலபமாக வரும். நாளைக்கு வண்டி வழக்கம்போல வரும்.

சொர்ணலதா தெருவைக் கடந்து எதிர்வாசலுக்குப் போனாள். தொட்டுவிடாத தூரத்தில் நின்றாள்.

"நஞ்சம்மா, அந்தக் கவுன எங்க காயப் போட்டே?"

"உள்ளதான் அக்கா. மழையல்லா?"

"கழட்டிடு. கழட்டிட்டு வெயில்ல காஞ்சது ஏதாச்சும் இருந்தா போடு. சம்பந்தி துணியில ஒண்ணும் இல்ல. அது நான் சொன்ன பொய்யி. நம்ம வேலைதான், நஞ்சம்மா. நம்ம சென்ட்டுதான்."

நஞ்சம்மா புரியாமல் பார்த்தாள். பிறகு மெல்ல மகளின் கவுனைத் தூக்கினாள். இரண்டு பேரும் அந்தச் சின்ன வயிற்றைப் பார்த்தார்கள். வயிறும் மார்பும் சிவந்து கிடந்தன; கழுத்துப் பட்டை இருந்த இடத்தில் சிவப்பு கோடு கிழித்த மாதிரி நின்றிருந்தது.

பேச்சுச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அதற்கு அடுத்த வீட்டிலும் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

நஞ்சம்மா கவுனை இறக்கிவிட்டாள். அவள் சத்தம் போடவில்லை.

"இந்த வேலைய எனக்கு வாங்கிக் குடுத்தது நீங்கதானே அக்கா?"

"ஆமா" என்றாள் சொர்ணலதா. சந்தில் இன்னும் இரண்டு கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் தன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் அங்கேயே நின்றாள்.